இனந்தெரியாதோரும் எழுத்தின் வளர்ச்சியும்

எழுத்துப் பயிற்சி எதுவானாலும், அதன் கடைசி நாளில் ஒரு தாளைக் கையில் கொடுத்து, "இப்பயிற்சியினால் ஓர் எழுத்தாளராக நீங்கள் எவ்வாறு வளர்ந்தீர்கள்?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன, நிதி தருகின்ற நிறுவனங்கள் கேட்கின்றன, அவற்றைப் பார்த்து ஊர்ச் சனசமூக நிலையங்களும் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. நல்லூரில் சனிக்கிழமைகளில் நடந்து முடிந்த செய்தி எழுத்துப் பயிற்சியொன்றில் நானும் ஒரு வளவாளனாக இருந்தேன். கந்தசுவாமி கோயில் மகோற்சவத்தின் இருபத்தைந்து நாட்களும் வீதிகளை மறித்துவிடுவார்கள் என்பதால் அதற்கு முன்னரே முடித்துவிட வேண்டுமென்ற அவசரத்தோடு நடந்த பயிற்சி அது. முடிவில் இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் எழுதிக் கொடுத்த அந்த 'வளர்ச்சித் தாள்கள்' என் மேசைக்கு வந்து சேர்ந்தன. அவை குறித்தே இங்கு எழுத விரும்புகிறேன்.

தாள்கள் யாவும் ஏறத்தாழ ஒன்றையே கூறின. சொல்வளம் பெருகியது. தன்னம்பிக்கை வளர்ந்தது. எனக்கென ஒரு தனித்துவமான நடை உருவாகியது. எழுத்தாளன் சமூகத்தின் கண்ணாடி என்பதை உணர்ந்துகொண்டேன். மூன்று தாள்களில் ஒரு வாக்கியம் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது. முன்னைய காலமென்றால் அயல் வாங்கில் இருந்தவரைப் பார்த்து எழுதினாரென்று சொல்லியிருப்போம். இன்று அந்தச் சிரமமும் இல்லை. கைத்தொலைபேசியிடம் கேட்டால், எழுதாதவன் எவ்வாறு எழுத்தாளனாக வளர்ந்தான் என்பதைக்கூட அது கண்ணீர் மல்க எழுதித் தந்துவிடும்.

மாணவர்களை நான் குறைசொல்லவில்லை. அத்தகைய வினாவுக்கு அத்தகைய விடைதான் வரும். எழுதுபவனைக் கண்ணாடிக்கு முன் நிறுத்தி, "உன்னை நீ பார், எவ்வளவு அழகாகியிருக்கிறாய் என்று சொல்" எனக் கேட்கின்ற வினா அது. எழுத்தின் வளர்ச்சி எழுதியவனின் மனதுக்குள் இல்லை என்பது எனது துணிபு. ஒரே விடயத்தைப் பற்றி அவன் எழுதிய முதற் பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் இடையில் அது இருக்கிறது. அவ்விரண்டையும் வாசிக்கின்ற மூன்றாவது ஆளிடம் இருக்கிறது. நான் வாசித்த தாள்கள் எதிலும் 'வாசகர்' என்ற சொல் இல்லை.

எழுத்தைப் பாடமாக்குவதை நான் எதிர்ப்பவனல்லன். எழுத்து என்பது பிறவிக்கொடை, அதனைக் கற்பிக்க முடியாது என்று வாதிடுவோர் நம்மிடையே நிறைய உண்டு. அமெரிக்காவில் ஐயோவாப் பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பட்டறை 1936இல் தொடங்கியது. இங்கிலாந்தில் ஈஸ்ட் அங்கிலியாப் பல்கலைக்கழகம் 1970இல் படைப்பெழுத்தில் முதுகலைப் பாடநெறியை ஆரம்பித்தது. அதிலே படித்து வெளியேறிய கசுவோ இஷிகுரோவுக்கு 2017இல் இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே கற்பிக்க முடியுமா என்ற பழைய விவாதத்தை மூட்டைகட்டி வைத்துவிடலாம். அத்தகைய பட்டறைகளின் உயிர், ஒருவர் எழுதியதைச் சுற்றியிருப்போர் வாசித்து, இந்த இடம் எனக்கு விளங்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதில் இருக்கிறது. நாமோ அந்தப் பகுதியை விட்டுவிட்டு, கடைசி நாளில் நிரப்புகின்ற தாளை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறோம்.

ஒரு பயிற்சிக் காலம் ஓர் எழுத்தாளனை என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் தேடி அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. பயிற்சி நடந்த அதே நல்லூரில் 1822 டிசெம்பர் 18இல் பிறந்தவர் ஆறுமுக நாவலர். சேனாதிராச முதலியாரிடமும் சரவணமுத்துப் புலவரிடமும் தமிழ் கற்று, பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாக வளர்ந்த வெஸ்லியன் பாடசாலையில் ஆங்கிலமும் கற்றவர். 1841 அளவில், இருபது வயதை எட்டுமுன்னரே, அங்கேயே ஆசிரியராகவும் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைவராகவும் அமர்ந்தார். 1848இல் அப்பதவியைத் துறக்கும் வரையிலான அந்த ஏழு ஆண்டுகளைத்தான் நான் நாவலரின் எழுத்துப் பயிற்சி என்பேன். சான்றிதழ் கிடையாத பயிற்சி.

அதற்குள் நுழைந்தபோது அவரிடம் இருந்தது எது? செய்யுளும் உரையுமாகிய மரபுக் கல்வி. அக்கல்வியில் வாசிப்பவரும் ஒரு புலவரே. விளங்காவிட்டால் பிழை வாசிப்பவருடையது. மொழிபெயர்ப்பு மேசையோ வேறு மாதிரியானது. படிப்பறிவு சிறிதே உள்ள ஒருவர், முதன்முறை காதால் கேட்கும்போதே பொருள்கொள்ள வேண்டிய வாக்கியங்களை அது கேட்டது. ஒவ்வொரு வாக்கியத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டு, ஏன் இந்தச் சொல், ஏன் அந்தச் சொல் இல்லை என்று இன்னொருவருக்கு விளக்க வேண்டியும் இருந்தது. சமயத்தால் அவருக்கு அந்நியமான பணி. ஆனால் வசனநடையைப் பொறுத்தவரையில் அதைவிடச் சிறந்த பட்டறை அந்த நாளைய யாழ்ப்பாணத்தில் வேறெங்கும் இருந்திருக்க முடியாது.

பின்னர் நடந்ததைப் பாருங்கள். 1847 டிசெம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதற் பிரசங்கம். 1848இல் அங்கேயே சைவப்பிரகாச வித்தியாசாலை. 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்தார். 1852இல் பெரியபுராண வசனம். சிறுவருக்குப் பாலபாடங்கள், சைவ வினாவிடைகள். கற்றோருக்கு ஒரு நடை, கல்லாதோருக்கு இன்னொரு நடை, பிள்ளைகளுக்கு வேறொரு நடை என்று வசனத்தை ஆள்பார்த்துப் பிரித்தார். தமிழ் வசனத்தில் நிறுத்தக் குறிகளை ஒழுங்காகக் கையாண்ட முன்னோடியும் அவரே. அரைப்புள்ளியும் காற்புள்ளியும் எழுதுபவனுக்குத் தேவையற்றவை. தான் எங்கே மூச்சுவிட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அவை வாசிப்பவருக்காக இடப்படுபவை. அந்த ஏழு ஆண்டுகளில் நாவலர் பெற்ற வளர்ச்சியை ஒரு குறியால் காட்டச் சொன்னால் நான் காற்புள்ளியைத்தான் காட்டுவேன்.

நாவலரைப் பாராட்டிவிட்டு இன்னொன்றை மறைப்பது பத்திரிகைக்காரனுக்கு அழகன்று. அவர் மனதில் கண்ட வாசகர் கூட்டத்தைச் சுற்றி ஒரு வேலி இருந்தது. சாதியொழுக்கத்தை அவர் ஏற்று நின்றவர், வலியுறுத்தியும் எழுதியவர். கல்லாதோருக்காக வசனம் எழுதியவரின் 'கல்லாதோர்' என்ற சொல்லுக்குள் ஊரின் எல்லாக் கல்லாதோரும் அடங்கவில்லை. நடை வளர்ந்தால் மனிதனும் தானாக வளர்ந்துவிடுவான் என்று நம்புவோர் இதனைச் சற்று யோசிக்க வேண்டும். அந்த வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டோரிடமிருந்து கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் எழுத வருவதற்கு இன்னுமொரு நூற்றாண்டு பிடித்தது. ஜீவா சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர். முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்தபடி எழுதியவர். 1960இல் வெளிவந்த அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். அவருக்குப் பயிற்சித் தாளை யாரும் நீட்டவில்லை. கையில் இதழ்களை எடுத்துச் சென்று விற்றவர், ஆகையால் தன் வாசகரின் முகம் அவருக்குத் தெரிந்திருந்தது.

நாங்கள் பயின்றது பத்திரிகைக் கந்தோரில். பேராசிரியர் கைலாசபதி 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராவதற்கு முன்னர், 1959 முதல் 'தினகரன்' ஆசிரியராக இருந்த சில ஆண்டுகளில் எத்தனை இளம் எழுத்தாளர்களைக் கைதூக்கிவிட்டார் என்பதை மூத்தோர் இன்றும் சொல்வர். ஆசிரியரின் மேசைதான் அந்நாளைய வகுப்பறை. நான் கலைப்பட்டத்தோடு அந்த மேசைக்கு முன் போய் நின்ற காலத்தில் இன்னொரு ஆசிரியரும் இருந்தார். அவர் பெயர் தட்டுப்பாடு. பொருளாதாரத் தடையினால் தொண்ணூறுகளின் முற்பகுதியில் குடாநாட்டுக்குப் பத்திரிகைத் தாள் வருவதில்லை. பாடசாலைக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளிலும் பத்திரிகை அச்சாகியது. மின்சாரமும் இல்லை. ஜாம்போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்து, நாலைந்து துளி மண்ணெண்ணெயில் எரித்த விளக்கில் மக்கள் அதை வாசித்தார்கள். அந்த வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசிக்கப்போகும் ஒருவருக்கு, "காலத்தின் கோலத்தினால் ஏற்பட்ட அவலத்தின் உச்சம்" என்று எழுதினால், அவரது எண்ணெயைக் களவெடுத்ததற்குச் சமம். ஒப்புநோக்காளரே வெட்டிவிடுவார். அச்சுக்கோப்பாளர் இன்னும் கடுமையானவர். தேவையற்ற சொல்லுக்கும் எழுத்துக்களைப் பொறுக்குவது அவர் விரல்களே அல்லவா?

அந்தக் கந்தோர்களில் நாங்கள் கற்றவை எல்லாமே நல்லவை என்று சொல்ல மாட்டேன். இங்கேதான் விடயம் கனக்கிறது.

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்த அதே நாட்களில் 'ஈழநாடு' பணிமனையும் எரிந்தது. 2000 ஒக்டோபர் 19இல் பிபிசிக்குச் செய்தியளித்து வந்த மயில்வாகனம் நிமலராஜன் ஊரடங்கு வேளையில் தம் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். 2006 மே 2இல், உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முதல் நாள், 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் அதன் பணியாளர் இருவர் மாண்டனர். இத்தகைய ஊரில், எல்லாப் பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் நடுவே செய்தி எழுதியவர்கள் ஓர் இலக்கணத்தை உருவாக்கிக்கொண்டார்கள். அந்த இலக்கணத்தில் எழுவாய் கிடையாது. "இனந்தெரியாதோரால் சுட்டுக் கொல்லப்பட்டார்." "கொண்டு செல்லப்பட்டதாகத் தெரிவிக்கப்படுகிறது." "வீடுகள் சேதமடைந்துள்ளன." யார் சுட்டார், யார் கொண்டு சென்றார், யார் தெரிவித்தார் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். எழுதியவருக்கும் தெரியும். வாக்கியத்துக்கு மட்டும் தெரியாது. அவ்வாறு எழுதியவர்களை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். அந்தச் செயப்பாட்டுவினைகள் பலரின் உயிரைக் காத்தன. செய்தியையும் ஓரளவு காத்தன. அன்றைய வாசகரும் அந்த இலக்கணத்தை அறிந்தவர். 'இனந்தெரியாதோர்' என்ற சொல்லின் எழுத்துக்களுக்கிடையில் அவர் பெயரையே வாசித்துக்கொள்வார்.

என் கவலை வேறு. இன்று பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் யுத்தம் முடிந்த 2009இல் நாலைந்து வயதுக் குழந்தைகள். அவர்களுக்கு அந்த இலக்கணம் காரணமின்றி வந்து சேர்ந்திருக்கிறது. பத்திரிகைத் தமிழ் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் நம்புகிறார்கள். முதல் வாரத்தில் கொடுத்த பயிற்சியில் ஒருவர், தம் ஊர்க் குளத்தில் குப்பை கொட்டுவதைப் பற்றி எழுதினார். "இனந்தெரியாதோரால் கழிவுகள் கொட்டப்பட்டு வருவதாகத் தெரிவிக்கப்படுகிறது." யார் கொட்டுகிறார் என்று கேட்டேன். "எங்கட ஒழுங்கையிலை எல்லாரும்தான் சேர்" என்றார் சிரித்துக்கொண்டு. அச்சத்தில் பிறந்த நடை, அச்சம் சற்றுத் தணிந்த பின்னரும் அழகென்று கருதப்பட்டுக் கையாளப்படுகிறது. அதன் மேல் பாடசாலைக் கட்டுரைப் பழக்கம் வேறு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, இடையிடையே மேற்கோள், ரியூசனில் மனனமாக்கிய வருணனை. எழுவாயற்ற வினையும் பொருளற்ற அலங்காரமும் ஒன்றையொன்று நன்றாகத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு மாணவி. அவரது தந்தையாரின் ஊர் மயிலிட்டி. 1990 யூனில் இடம்பெயர்ந்த குடும்பம். 2017 யூலை 3இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்ட பின்னர், தந்தையார் தம் காணியைப் பார்க்கப் போனதைப் பற்றி எழுத விரும்பினார். முதற் பிரதி, கடலன்னை தாலாட்டிய சொர்க்கபுரி என்று தொடங்கியது. முதல் பந்தியிலேயே எட்டு அடைமொழிகள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். பிறகு, "வீடுகள் முற்றாக அழிவடைந்து காணப்பட்டன. மக்கள் கண்ணீர்க் கடலில் மூழ்கினர்." தந்தையார் கட்டுரைக்குள் எங்கும் இல்லை. அவர் அங்கே போய் என்ன செய்தார் என்று கேட்டேன். தெரியாது என்றார். கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன்.

நாலாவது பிரதியில் தந்தையார் வந்துவிட்டார். காணிக்குள் வீட்டைக் காணவில்லை. எல்லைக் கல்லும் இல்லை. கிணறு மட்டும் இருந்தது. கிணற்றுக்கட்டில் குதிக்காலை வைத்துக்கொண்டு, முன்னொரு காலத்தில் தண்ணீர்க் குடம் தூக்கிப் போன கணக்கில், குசினி வாசலை நோக்கி அடியெடுத்து வைத்திருக்கிறார். பன்னிரண்டு அடி. பன்னிரண்டாவது அடியில் ஈச்சம்பற்றை ஒன்று நின்றது. அவ்விடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்றுநேரம் நின்றார். அவ்வளவுதான் எழுதியிருந்தார். கண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"அழிவடைந்து காணப்பட்டன" என்ற வாக்கியத்துக்கு என்ன நடந்தது என்பதுதான் எனக்கு அதைவிட முக்கியம். வீடு தானாக அழிவடையாதே, யார் அழித்தது என்று நான் ஓரத்தில் எழுதியிருந்தேன். அதனை அறிய அவரிடம் வழியில்லை. ஊகித்து ஒரு பெயரைப் போட்டிருந்தால் அது செய்தியன்று, பழைய வாக்கியத்தை அப்படியே விட்டிருந்தால் அதுவும் செய்தியன்று. கடைசிப் பிரதியில் இவ்வாறு இருந்தது: வீட்டை இடித்தது யாரென அப்பாவுக்குத் தெரியாது. 1990இல் அவர் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். அதன் பின் 27 ஆண்டுகள் அந்தக் காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று பிரித்துவைத்த மூன்று வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் எழுவாய் உண்டு. என் முப்பது ஆண்டுப் பத்திரிகை வாழ்வில், அந்த நிலங்களைப் பற்றி இதைவிட நேர்மையாக எழுதப்பட்டதை நான் அதிகம் வாசித்ததில்லை.

அதே மாணவி தமது வளர்ச்சித் தாளில் எழுதியிருந்தது என்ன தெரியுமா? "எனது சொல்வளம் பெருகியுள்ளது." உண்மையில் அவரது சொல்வளம் பாதியாகக் குறைந்திருந்தது! முதற் பிரதி இரண்டரைப் பக்கம், கடைசிப் பிரதி ஒரு பக்கத்துக்குச் சற்று மேல். தாம் வளர்ந்தது எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. வினா அவரை அந்தப் பக்கம் பார்க்கவிடவில்லை.

கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்துகொண்டு ஊரிலே இத்தகைய பயிற்சிகளுக்குப் பணம் அனுப்புகின்ற அன்பர்கள் இதனை வாசிக்கக்கூடும். அறிக்கை கேட்பது உங்கள் உரிமை. ஆனால் 'நான் வளர்ந்தேன்' என்ற தாள்களைக் கட்டாகக் கட்டி அனுப்பினால் திருப்தியடையாதீர்கள். முதற் பிரதியையும் கடைசிப் பிரதியையும் அருகருகே வைத்து அனுப்பச் சொல்லுங்கள். பயிற்சி நடத்துவோருக்கு அது சிரமந்தான். சிலவேளை இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அப்போது பயிற்சியைப் பற்றியும் ஓர் உண்மை தெரியவரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இன்று ஊடகக் கற்கைகள் ஒரு துறையாகவே இயங்குகின்றது. ஆண்டுதோறும் பட்டதாரிகள் வெளியேறுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் இங்குள்ள பத்திரிகைகளின் சொற்ப சம்பளத்துக்கு நின்றுபிடிப்பார்கள் என்பது வேறு கதை, அதற்கு இன்னொரு நாள் வேண்டும். நிற்பவர்களாவது எழுவாயோடு எழுத வேண்டுமே என்பதுதான் இப்போதைய கவலை.

திருவிழா முடிந்து தொடங்கவுள்ள அடுத்த பிரிவுக்கு அந்தத் தாளை மாற்றித் தரும்படி ஏற்பாட்டாளர்களைக் கேட்டிருக்கிறேன். இரண்டே வினாக்கள். உங்கள் கட்டுரையைக் கையளிக்கு முன் யாருக்கு வாசித்துக் காட்டினீர்கள்? அவர் எதைத் திருத்தினார்? முடிந்துபோன பிரிவில் இருந்தோரிடம் இவற்றை வாய்மொழியாகக் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலானோர் ஒருவருக்கும் காட்டவில்லை. மயிலிட்டி மாணவி மட்டும், அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன் என்றார். பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று அடி என்று அவர் திருத்தினாராம்.